நான்கு கண்ணிகள் கூடுதல்

ஆகஸ்டில் திரும்பி வந்தது
மே மாதம் நான் அனுப்பிய தொப்பி.
சால்ட்டோவிலிருந்து மொண்டெவிடேயோ போய்
அதே பேருந்தின் வயிற்றில் மறுபடி
ஐந்நூறு கிலோமீட்டர்.
உள்ளே ஒரு துண்டுக் காகிதம்:
"இறுக்குகிறது. இரண்டு சென்டிமீட்டர் கூட்ட முடியுமா?
ஓஃபெலியா லர்ரஞாகா."

எனக்குக் கோபம்.
ஐம்பத்தெட்டு என்று எழுதியது அவள்தான்,
அதுவும் அடியில் கோடு போட்டு.
வளர்ந்த ஆளின் மண்டை
மூன்று மாதத்தில் பெருக்குமா?
"புதுப் பதவி கிடைத்திருக்கும். தலைக்கனம்" என்றாள் ஸூல்மா,
மாத்தே உறிஞ்சும் குழலை
வாயிலிருந்து எடுக்காமலே.

பிரிக்க உட்கார்ந்தேன்.
தொடங்கிய இடத்திலிருந்து தொப்பியைப் பிரிக்க முடியாது.
கடைசியாக இறுக்கிய உச்சிதான்
முதலில் அவிழ வேண்டும்.
எட்டுக் கண்ணிக்குள் நூலைக் கோத்து இழுத்து
உள்பக்கம் புதைத்த நுனியைத் தேடவே அரை மணி.
ஒளித்தவள் நான். எனக்கே அகப்படவில்லை.

பிறகு ஓடியது.
சுற்றுக்குச் சுற்று தொண்ணூற்றாறு கண்ணிகள்
சர்ரென்று மடியில் சரிந்தன:
மின்சாரம் போன இரவில் பின்னியது கொஞ்சம் தொளதொளப்பு,
ஹெபெரின் லாரி வரத் தாமதமான மாலை
கல் போல் இறுக்கம்.
ஒரு மாதத்தின் மனநிலையை
ஒருத்தி தன் கையாலேயே வாசித்து
அழித்துக்கொண்டு போவது
அப்படியொன்றும் இனிமையான வேலை இல்லை.

நெற்றிப் பட்டையில்,
இரண்டு நேர் இரண்டு புரட்டு வரும் பள்ளத்தில்
சிக்கியிருந்தது ஒரு முடி.
கறுப்பு. நகத்தின் நீளம்தான்.
என்னுடையது இல்லை, ஆட்டினுடையதும் இல்லை.
மெரினோ இழை இதில்
மூன்றில் ஒரு பங்குத் தடிமன்கூட இருக்காது.
ஊதினேன். போகவில்லை.
சரி, இரு என்று விட்டேன்.

பிரித்த நூல் சும்மா இருக்குமா?
இருந்த வடிவத்தை விடமாட்டேன் என்று
அலை அலையாய்ச் சுருண்டு கிடந்தது.
வெந்நீரில் நனைத்துக் கொடியில் போட்டு
வெந்நீர்க் குடுவையைக் கீழே கட்டித் தொங்கவிட்டேன்.
அன்று முழுக்க ஸூல்மாவுக்கு மாத்தே இல்லை.
அவள் முறைத்தது குடுவையையா என்னையா தெரியாது.

மறுபடி, நூறு கண்ணிகள்.
நான்கே நான்குதான் கூடுதல்,
ஆனால் நூறு எட்டால் வகுபடாது.
உச்சிக்கு இனி எட்டு இதழ் ஆகாது; பத்து.
கணக்கை விரலில் போட்டேன், காகிதத்தில் போட்டேன்,
கடைசியில் ஊசியே போட்டுக் காட்டியது.
முடிக்க ஒரு முழம் இருக்கையில் நூல் தீர்ந்தது.
போன வருட ஆட்டின் நூல் கொஞ்சம் வெளிர்.
இரண்டு நுனியையும் பிரித்துப் பஞ்சாக்கி,
எச்சில் தொட்டு,
சூடேற உள்ளங்கையில் உருட்டினேன்.
முடிச்சு இல்லை.
இரண்டு வருடம் ஒட்டிக்கொண்டது.

செப்டம்பரில் பதில்:
"பொருந்துகிறது.
ஏப்ரலில் அளந்தபோது அவன் தலையில் முடியே இல்லை.
இப்போது இருக்கிறது. சுருட்டை."

அவ்வளவுதான்.
ஆஸ்பத்திரியா, பட்டாளமா, தோற்ற பந்தயமா,
அவள் சொல்லவில்லை.
'சுருட்டை'க்கும் அடியில் கோடு போட்டிருந்தாள்.

அன்று பிற்பகல் ஹெபெரோடு வயலில்.
குட்டி ஈனுமுன் கத்தரித்த ஆடுகள்
வெளிறி, கூச்சத்தோடு நின்றன.
தெற்கிலிருந்து காற்று.
உரித்தவர்களே போர்த்தவும் வேண்டும்;
ஒவ்வொன்றின் முதுகிலும் துணியைப் போட்டு
கழுத்தில் நாடா கட்டிக்கொண்டே போனோம்.
என் முறை வந்தவற்றில்
இரண்டு விரல் நுழைய இடம் விட்டேன்.
"தொளதொளக்குதே" என்றான்.
நான் அடுத்த ஆட்டைப் பிடித்தேன்.